கராத்தே மாஸ்டரின் கல்வெட்டு: மூன்றா, நான்கா?

இரணைமடுக்காரன் கேட்டது:

மாஸ்டர் காலமாகி இன்றைக்குப் பதினேழு நாள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்குள் கல்வெட்டு, அதாவது அவரைப் பற்றிய நினைவுப் புத்தகம், அச்சாகி வர வேண்டும். பழைய மாணவர்கள் கூடிப் பேசி அந்தப் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். ஒரு காலத்தில் பாடசாலைச் சுவர்ப்பத்திரிகைக்கு எழுதியவன் என்பதுதான் எனக்கிருக்கும் தகுதி. அந்தச் சுவரும் இன்றில்லை, பத்திரிகையும் இல்லை. எழுதுகிறவன் என்ற பெயர் மட்டும் போகாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஆளைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். மாஸ்டர் கிளிநொச்சிப் பக்கம் சைக்கிள் கடை வைத்திருந்தவர். அதற்கு முன்னர் கொழும்பில் ஓர் இரும்புக் கடையில் கணக்கு எழுதினார். பின்னேரங்களில் கராத்தே பழகினார். 1983 ஆடிக் கலவரத்தோடு கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கி, தாய்மாமனுடைய காணி இருந்த எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தார். உடுத்தியிருந்த சாரம், அதன் மேல் கட்டியிருந்த கறுப்புப் பட்டி, இவ்வளவுதான் அவருடைய பயணப் பொதி. “பெருமைக்குக் கட்டவில்லை, சாரம் அவிழாமல் இருக்கக் கட்டினேன்” என்று சொல்லுவார்.

அடுத்த வருடம் சிறுபோகம் அறுத்த வயலில் வகுப்புத் தொடங்கியது. முதல் நாள் ஏழு பேர் போனோம். எனக்குப் பதினொரு வயது. கராத்தே என்றால் ஓடு உடைப்பது என்று நினைத்திருந்தோம். உடைத்துக் காட்டச் சொல்லிக் கேட்டபோது, “ஓடு என்ன விலை போகிறது தெரியுமா?” என்று எங்களையே திருப்பிக் கேட்டார். பிறகு ஒரு மாதம் முழுக்க நிற்கத்தான் பழக்கினார். முன்காலை மடித்து, பின்காலை நீட்டி, குதிக்காலை நிலத்தில் பதித்து நிற்க வேண்டும். வயலில் வெடிப்பு, வெடிப்பில்லாத இடத்தில் அறுத்த தாளின் அடிக்கட்டை. இரண்டில் எது நல்லது என்று கால்தான் தெரிந்தெடுத்தது.

எண்ணிக்கை ஜப்பான் மொழியில். இச்சி, நீ, சான், சி, கோ. அவர் “நீ” என்று சொல்லும்போதெல்லாம் வரிசையில் இரண்டாவதாக நின்ற பொடியன் தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று முன்னால் போய் நின்றான். மூன்று நாள் போனான். நான்காம் நாள்தான் மாஸ்டருக்கு விஷயம் விளங்கியது. அன்றைக்கு அவர் சிரித்ததுபோல் பிறகு சிரித்து நான் பார்க்கவில்லை.

குத்துப் பழகுவதற்கு மக்கிவாரா என்று ஒரு கம்பம் நடுவார்கள். வைக்கோல் சுற்றியது என்பதுதான் அந்தச் சொல்லின் பொருளாம். கராத்தே பிறந்த ஒகினாவாத் தீவிலும் அதற்கு நெல் வைக்கோல்தானாம். அதைச் சொன்ன அன்று மாஸ்டருக்கு ஒரே சந்தோஷம். “இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் விளைந்த வைக்கோல் இங்கே குவியல் குவியலாகக் கிடக்கிறது, பிறகு என்ன குறை!” என்று நாங்கள் திரித்த புரியைப் பாலைப் பலகையில் இறுக்கிச் சுற்றினார். மாடு வந்து தின்றுவிட்டுப் போகும். மறுநாள் திரும்பச் சுற்றுவோம். குத்தியதைவிடப் புரி திரித்ததுதான் அதிகம் என்று இப்போது தோன்றுகிறது.

வரிசை மாறாமல் செய்யும் அசைவுத் தொடரைக் காத்தா என்பார்கள். ஹெய்யான் சோடான் என்பது முதல் காத்தா. அதில் 21 அசைவுகள். இடப்பக்கம் திரும்பிக் கீழ்த்தடுப்பில் தொடங்கி, சுற்றிச் சுழன்று, புறப்பட்ட இடத்துக்கே வந்து முடிய வேண்டும். மாஸ்டர் ஒவ்வொருவர் காலடியிலும் ஒரு சைக்கிள் நட்டை வைப்பார். 21 முடியும்போது உள்ளங்காலில் அந்த நட்டுக் குத்த வேண்டும். குத்தாவிட்டால் எங்கேயோ ஓர் அடி நீண்டுவிட்டது அல்லது குறைந்துவிட்டது, திரும்ப முதலிலிருந்து. அந்தப் பிழையைக் கண்டுபிடிக்க எனக்கு ஐந்து மாதம் பிடித்தது.

இனி என் சிக்கலுக்கு வருகிறேன். கறுப்புப் பட்டியில் மாஸ்டர் எத்தனையாவது டான், அதாவது எத்தனையாவது படி? ஏழு பேரில் மிஞ்சியிருக்கும் நாங்கள் மூன்று என்கிறோம். எங்களுக்குப் பின் வந்தவர்கள் நான்கு என்று அடித்துச் சொல்கிறார்கள். கல்வெட்டுக்குக் காசு தரும் வெளிநாட்டு மாணவர்கள் ஐந்து என்றே போடச் சொல்கிறார்கள். சான்றிதழைப் பார்த்து எழுதலாம் என்றால் அது இல்லை. 2008 கடைசியில் ஊரை விட்டு எழும்பியதிலிருந்து தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு என்று ஒவ்வோர் இடத்திலும் சாமான் குறைந்துகொண்டே போனது. சான்றிதழ் இருந்த தகரப்பெட்டி எந்தப் பங்கருக்குள் விடுபட்டது என்று மாஸ்டரின் மனைவிக்கே தெரியாது. படங்களும் அதற்குள்தான்.

“வன்னியின் முதல் கராத்தே ஆசான்” என்று முகப்பில் போடலாமா என்பது அடுத்த சந்தேகம். “வெறுங்கை வீரர்” என்று தலைப்பு வைக்கவும் ஒருவர் எழுதி அனுப்பியிருக்கிறார். கராத்தே என்றால் வெறுங்கை என்பது எனக்கும் தெரியும். ஆனால் மாஸ்டரின் கையை நான் ஒருநாளும் வெறுமையாகக் கண்டதில்லை. ஸ்பனர் இருக்கும், இல்லாவிட்டால் பஞ்சர் ஒட்டும் பசைக் குப்பி இருக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. தோக்கியோவில் ஒரு கிழவர் மாணவர் விடுதியில் வாசல் கூட்டிக்கொண்டே கராத்தே படிப்பித்தார், சாப்பாட்டுக்கு வழியில்லாமல் தொப்பியை அடகு வைத்தார் என்று மாஸ்டர் அடிக்கடி சொல்லுவார். எங்களைக் கூட்ட வைப்பதற்காகக் கட்டிய கதையா, நடந்ததா? நடந்ததென்றால் கல்வெட்டில் சேர்க்க ஆசை.


அச்சுக்கூடம் எழுதியது:

கல்வெட்டு அடிக்கும் கடையில்தான் நான் வேலை செய்கிறேன், அதனால் முதலில் வேலையைப் பேசுவோம். நடுவில் பின் அடிக்கிற புத்தகம், ஆகவே பக்கம் நான்கின் மடங்காக வர வேண்டும். பஞ்சபுராணம், திதி வெண்பா, வம்சாவளி, நன்றி நவிலல் என்று 12 பக்கம் எப்படியும் போய்விடும். மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல் என்று பாட்டு எழுதித் தருகிற ஒருவர் இருக்கிறார். ஆனால் பெயரை மட்டும் மாற்றி எல்லோருக்கும் அதே புலம்பலைத்தான் தருகிறார். போன மாதம் ஒரு கல்வெட்டில் பழைய பெயரையும் மாற்ற மறந்துவிட்டார். நீங்களே எழுதுங்கள்.

படம் இல்லை என்று கவலைப்படாதீர்கள். அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்துப் போட்ட கல்வெட்டு இந்தப் பக்கத்தில் எத்தனையோ வந்துவிட்டது. ஒரே ஒரு வேண்டுகோள்: கழுத்துக்குக் கீழே வேறு யாருடைய கோட்டையும் டையையும் ஒட்டச் சொல்லாதீர்கள். கேட்டால் செய்து தருவோம், ஆனால் மனது கேட்பதில்லை.

“டான்” என்று மட்டும் போட்டால் கிழவிகள் பயப்படுவார்கள். “தான்” என்று போட்டாலோ “மூன்றாம் தான்” யார் என்று கேட்பார்கள். “கறுப்புப் பட்டி, மூன்றாம் படி” என்று எழுதினால் எல்லோருக்கும் விளங்கும். மூன்றா நான்கா என்பது உங்கள் பாடு. ஆனால் அச்சேறிய பிறகு அழிக்க முடியாது.


புத்தகப்புழு எழுதியது:

கதை உண்மை. அந்தக் கிழவர் கிச்சின் புனகோஷி. ஒகினாவாவின் ஷூரியில் 1868இல் பிறந்த பள்ளி ஆசிரியர். சின்ன வயதில் இரவில் லாம்போடு நடந்து போய்த் தன் ஆசானின் வீட்டு முற்றத்தில் பழகியவர். 1922இல் தோக்கியோவில் கல்வி அமைச்சு நடத்திய கண்காட்சியில் கராத்தே செய்து காட்டப் போனார். காட்டிவிட்டு ஊர் திரும்புவதுதான் எண்ணம். ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ தன் பயிற்சிக்கூடமான கொடோகானுக்குக் கூப்பிட்டுச் செய்து காட்டக் கேட்க, பயணம் தள்ளிப்போனது. பிறகு தோக்கியோவே இருப்பிடமாகிவிட்டது. அப்போது அவருக்கு ஐம்பத்துமூன்று வயது.

ஒகினாவா மாணவர்களுக்கான ஒரு விடுதியில் ஒண்டிக்கொண்டு காவல், தோட்டம், அறை கூட்டுவது எல்லாம் பார்த்தார். விடுதிச் சமையல்காரருக்குக் கராத்தே பழக்கி, அதற்குப் பதிலாகச் சாப்பாட்டுக் காசைக் குறைத்துக்கொண்டார். தொப்பியும் ஒகினாவாவில் நெய்த கிமோனோவும் அடகுக்குப் போயின. எதிர்பார்த்ததைவிடக் கூடுதலான காசு கிடைத்ததாம். அடகுக்கடை எழுத்தரின் தம்பி அவரிடம் பழகுகிறவன் என்பது பிறகுதான் தெரிந்தது. இதையெல்லாம் அவரே தன் வாழ்க்கை நூலில் எழுதியிருக்கிறார்.

உங்கள் மாஸ்டர் இதற்குப் பிந்தியதையும் சொன்னாரா தெரியவில்லை. முதல் நூலின் அச்சுத் தகடுகள் 1923 நிலநடுக்கத்தோடு போயின. திரும்ப எழுதி 1925இல் வெளியிட்டார். மாணவர்கள் காசு சேர்த்துக் கட்டிக்கொடுத்த ஷோட்டோகான் பயிற்சிக்கூடம் 1945இல் விமானக் குண்டில் எரிந்தது. மகன் அதே வருடம் நோயில் போனார். ஒகினாவாப் போரில் இடம்பெயர்ந்து கியூஷூவில் இருந்த மனைவியைத் தேடிப் போய்ச் சேர்ந்தார். 1947இல் அந்த அம்மாவும் காலமானார். எண்பதை நெருங்கும் வயதில் தோக்கியோ திரும்பி மறுபடி படிப்பித்தார். 1957 ஏப்ரலில் இறக்கும்வரை அதுதான் வேலை. பங்கரில் பெட்டி விட்ட மனிதர் ஏன் இவரைப் பற்றியே பேசினார் என்று கேட்கத் தேவையில்லை.

டானைப் பற்றி ஒன்று. ஒகினாவாவில் முன்பு பட்டியும் கிடையாது, படியும் கிடையாது. கானோவின் ஜூடோவைப் பார்த்து 1924இல்தான் புனகோஷி கராத்தேயில் டான் கொடுக்கத் தொடங்கினார். இன்றைக்கு ஒவ்வொரு சங்கமும் தன் தன் கணக்குக்குக் கொடுக்கிறது. ஒரு சங்கத்தின் நான்கு இன்னொன்றில் இரண்டாகவும் இருக்கலாம். எண்ணைப் பெரிதாகப் போடாமல் விட்டால் ஒன்றும் குறைந்துவிடாது. “வன்னியின் முதல்” என்பதையும் விடுங்கள். வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் தங்கள் மாஸ்டரே முதல் என்று சொல்ல ஆட்கள் இருப்பார்கள், அந்தச் சண்டை அந்தியேட்டி வீட்டில் வேண்டாம். “எங்கள் ஊருக்குக் கராத்தே கொண்டுவந்தவர்” என்றால் யாரும் மறுக்க முடியாது.


ஸ்கந்தபுரத்துச் சின்னவன் எழுதியது:

ஐந்து என்று போடச் சொன்னவர்களில் நானும் ஒருவன். கனடாவில் இருக்கிறேன். இங்கே ஐந்தாம் டான் என்று சொல்லிக்கொள்கிறவர்களைப் பார்த்த வயிற்றெரிச்சலில் சொன்னது. ஆனால் நான்கு என்பது என் கண்ணால் கண்டது அண்ணா. பட்டி நுனியில் நான்கு மஞ்சள் கோடு இருந்தது. 2004இல் நானே எண்ணினேன்.

1997இல் கிளிநொச்சியை விட்டு ஸ்கந்தபுரத்தில் இருந்தபோதுதான் நான் சேர்ந்தேன். பகலில் எல்லோருக்கும் வேலை, இரவில்தான் வகுப்பு. மண்ணெண்ணெய் கண்ணில் காட்டாத காலம். மாஸ்டர் ஒரு சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சில்லில் டைனமோவை அழுத்திவிட்டு, அதன் வெளிச்சத்தில் வகுப்பு நடத்தினார். பிந்தி வருகிறவன் மிதிக்க வேண்டும். நான் எப்போதும் பிந்தித்தான் போவேன். மிதிப்பவன் களைத்தால் வெளிச்சம் மங்கும், காத்தா செய்கிறவர்கள் பாதியில் மரம்போல் நிற்பார்கள், இருட்டுக்குள்ளிருந்து “கோ!” என்று மாஸ்டரின் குரல் மட்டும் வரும். கால் வலுத்தது கராத்தேயாலா மிதித்ததாலா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. இதைக் கட்டாயம் எழுதுங்கள். வர்ணப் பக்கங்களுக்கு நான் காசு அனுப்புகிறேன்.


பெரியம்மாவின் பிள்ளை எழுதியது:

எல்லோரும் நல்லதையே எழுதுகிறீர்கள். நானும் அவரிடம் பழகியவள், ஒரு குறையும் சொல்கிறேன். என் பெரியம்மாவுக்குப் பதினேழு வயதாக இருந்தபோது அந்த வயல் வகுப்புக்குப் போய்ச் சேர்த்துக்கொள்ளக் கேட்டிருக்கிறார். “பெண்பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு, வீட்டுக்குப் போ” என்று மாஸ்டர் திருப்பி அனுப்பிவிட்டார். இரணைமடுக்காரன் அண்ணா, அந்த ஏழு பேரில் நீங்களும் நின்றீர்கள். உங்களுக்கு நினைவிருக்காது, பெரியம்மாவுக்கு இருக்கிறது.

2011இல் மீளக் குடியேறி வந்து தகரக் கொட்டிலில் இருந்தோம். அப்பா இல்லை. எனக்குப் பன்னிரண்டு வயது. அம்மா மாஸ்டரிடம் கூட்டிக்கொண்டு போனபோது, யாருடைய பிள்ளை என்று விசாரித்தார். பெரியம்மாவின் பெயரைக் கேட்டதும் கொஞ்ச நேரம் சில்லைச் சுற்றிக்கொண்டே இருந்தார். பிறகு “பெரியம்மாவையும் வரச் சொல்” என்றார். அவ்வளவுதான், மன்னிப்பு என்று வாயைத் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. பெரியம்மா இரண்டு கிழமை யோசித்துவிட்டு வந்தார். 44 வயதில், சேலையைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு, எங்களோடு வரிசையில் நின்றார். நட்டு மிதிக்கும் கதை அவரிடம் பலிக்கவில்லை. நேரே நடந்துபோய் நட்டில் காலை வைத்துவிட்டு “இந்தா மிதித்துவிட்டேன்” என்பார். மாஸ்டர் அவரை மட்டும் ஒன்றும் சொல்லமாட்டார்.

எங்களுக்கு அவர் முதலில் பழக்கியது விழுவதற்கு, அடுத்தது பிடித்த கையை விடுவிப்பதற்கு. யாராவது மணிக்கட்டைப் பிடித்தால் நான்கு விரல் பக்கம் இழுக்கக் கூடாது, அது வேலி. கட்டைவிரல் பக்கம்தான் படலை. அந்தப் பக்கம் கையைத் திருப்பி, முழங்கையை மடித்து இழுத்தால் கழன்றுவிடும். வவுனியா பஸ்ஸில் ஒரு தடவை எனக்கு அது வேலை செய்தது. வீட்டில் சொல்லவில்லை, மாஸ்டரிடம் சொன்னேன். “வலக்கையா, இடக்கையா?” என்று மட்டும் கேட்டார்.


இரணைமடுக்காரன் மறுபடி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பெரியம்மாவின் பிள்ளைக்கு: நினைவிருக்கிறது தங்கச்சி. அவர் திரும்பிப் போனபோது சிரித்த ஏழு பேரில் நானும் ஒருவன். அதையும் எழுதுகிறேன்.

நேற்று மாஸ்டரின் வீட்டுக்குப் போயிருந்தேன். சின்னவன் சொன்ன நான்கு கோட்டைப் பற்றி மாஸ்டரின் மனைவியிடம், எங்கள் அக்காவிடம், கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் எழும்பிக் கடைக்குள் போனார். கடைத்தூணோடு காற்றடிக்கும் பம்பைக் கட்டியிருந்த கறுப்புத் துணியை அவிழ்த்துக்கொண்டு வந்து என் மடியில் போட்டார். பம்பை யாரும் தூக்கிக்கொண்டு போகாமல் இருக்கக் கட்டியிருப்பார். அந்தப் பம்பால் எத்தனை வருடம் நானே காற்றடித்திருக்கிறேன்! பழந்துணி என்றுதான் நினைத்திருந்தேன். வகுப்பில் கடைசிக் காலத்தில் அவர் கட்டியது பின்னர் வாங்கிய புதிது, அதில் கோடே இல்லை. கொழும்பிலிருந்து சாரத்தின் மேல் கட்டிக்கொண்டு வந்த பட்டி இதுதான். முள்ளிவாய்க்கால் வரைக்கும் சைக்கிள் கரியரில் அரிசி மூட்டையைக் கட்டிப் போனதும் இதுதானாம். “உள்ளே வைத்தால் எலி வெட்டும்” என்று சொல்லித் தூணில் கட்டினாராம்.

கறுப்பு வெளுத்து, ஓரம் பிய்ந்து உள்ளே வெள்ளைப் பஞ்சு தெரிகிறது. கிரீஸ் மணம் போகவில்லை. நுனியில் மஞ்சள் நூலால் மூன்று கோடு. அதற்குப் பக்கத்தில் ஒரு விரல் அகலத்துக்கு ஊசித் துளைகள் மட்டும் வரிசையாக இருக்கின்றன, நூல் இல்லை. வெளிச்சத்தில் பிடித்தால் துளை வழியே பொட்டுப் பொட்டாக வெளிச்சம் வருகிறது.

கோடுகளைத் தைத்தது அக்காதான். போர்நிறுத்தத்தில் பாதை திறந்திருந்த காலத்தில் ஒரு சங்கத்தார் நான்காம் படிக்குப் பரீட்சை என்று கூப்பிட்டிருக்கிறார்கள். மாஸ்டர் இரண்டு மாதம் விடிய எழும்பிப் பழகிவிட்டுப் போனார். போன இடத்தில் பிளேன்டீ தந்தார்கள், காசை வாங்கினார்கள், சான்றிதழில் பெயரை எழுதினார்கள். ஓர் அடி எடுத்து வைத்துக் காட்டு என்று ஒருவரும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து அக்காவைக் கொண்டு கோட்டைத் தைப்பித்தார், கொஞ்ச நாள் கட்டினார். சின்னவன் எண்ணியது அந்த நாட்களில்தான். பிறகு ஒருநாள் மத்தியானம் பழைய சவர அலகு ஒன்றை எடுத்துக்கொண்டு கடை வாசலில் இருந்து, ஒவ்வொரு தையலாக வெட்டி நூலை உருவியிருக்கிறார். “நான் தைத்ததை ஏன் பிரிக்கிறீர்கள் என்று சண்டை பிடித்தேன் தம்பி. இறுக்கித் தைத்துவிட்டாய் என்று எனக்குத்தான் ஏச்சு விழுந்தது” என்றார் அக்கா.

மூன்று என்றே போடப் போகிறேன். தலைப்பு எதுவும் வேண்டாம், பெயர் போதும். புனகோஷி கதைக்கு ஒரு பக்கம், டைனமோவுக்கு ஒரு பக்கம், பெரியம்மாவுக்கு ஒரு பக்கம். அட்டையின் பின்பக்கத்தில் பட்டியின் நுனியை மட்டும் பெரிதாகப் போட நினைக்கிறேன். அச்சுக்கூடம் அண்ணா, கறுப்பில் அந்த ஊசித் துளைகள் தெரியுமா, அல்லது அச்சில் அடைபட்டுவிடுமா?


அச்சுக்கூடம் எழுதியது:

கைபேசியில் எடுத்து அனுப்பினால் அடைபட்டுவிடும். பட்டியை நேரே கொண்டு வாருங்கள், பின்னாலிருந்து லைட் அடித்துப் படம் எடுப்போம். கழுவிவிடாதீர்கள். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் பிறகு வந்தால் கடையில் கூட்டம் இருக்காது.


இரணைமடுக்காரன் எழுதியது:

வருகிறேன். சனிக்கிழமை காலைக்குள் திருப்பித் தர வேண்டும். பம்பை இப்போது சணல் கயிற்றால் கட்டியிருக்கிறோம், அக்காவுக்கு அதில் நம்பிக்கை இல்லை.